கதவில் எழுதிய விலை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பகிடி பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? சின்னவன்தான் தொடக்கினான். "அப்பா, உங்கட காலத்தில கடைக்காரங்கள் எல்லாம் சும்மாவே குடுத்தவங்கள் போல" என்றான். மூத்தவள் விடவில்லை. "ஒரு ரூபாயோட போனா கடையையே சைக்கிள்ல கட்டிக்கொண்டு வரலாம், என்னப்பா?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு நடுவிலாள் கேட்டாள்: "அப்ப செத்தல் மிளகாய் என்ன விலை அப்பா?"

நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டேன். குழம்பு உறைப்பு என்று உங்கள் அம்மா நினைத்து எனக்குச் சீனி கொண்டுவந்து தந்தா. உறைப்பு இல்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் தெரியும். அதை நாற்பத்தெட்டு வருசமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் இடையில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் மற்ற விலைகளைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. ஐஸ்பழம் பத்துச் சதம். உள்ளே சேமியா போட்டது என்றால் பதினைந்து. நாற்பது பக்கக் கொப்பி முப்பது சதத்துக்குள் வாங்கலாம். கிளிநொச்சியில் படம் பார்க்க முன்வரிசை ஐம்பது சதம், கழுத்து நோவு இலவசம். இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சொர்க்கம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் மலிவு என்று சொன்னேனே தவிர, கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. பாண் வாங்க விடியவே பேக்கரிக் கடைக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். என் முறை வரும்போது பெட்டி காலியாக இருக்கும். அடியில் கிடக்கிற தூளைக் கடைக்காரர் என் கையில் கொட்டிவிடுவார், அழாமல் போவதற்காக. அதைத் தின்றுகொண்டே வந்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுவோம். துணி சங்கக்கடையில், கூட்டுறவுக் கடையில், பங்கீட்டு அட்டைக்குத்தான். வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம் அது.

வெளியிலிருந்து எதுவும் வராததால்தான் எங்கள் மிளகாய்க்கு அப்படி ஒரு மதிப்பு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், இரணைமடு வாய்க்கால் மெலிந்துபோய் முடிகிற இடத்துக்குக் கிட்ட எங்கள் காணி. பள்ளத்தில் நெல். மேட்டில் கிணறு வெட்டி மிளகாய். அந்த நாட்களில் மிளகாய் போட்டவன் கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினான். றேடியோ வாங்கினான். ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டு, ஓடத் தெரியாமல் ஒரு மாதம் உருட்டிக்கொண்டே திரிந்தார்.

எங்கள் வீடு அப்போது மண்சுவரும் கிடுகுக் கூரையும்தான். ஆனால் முன்கதவு மட்டும் முதிரைப் பலகை, விலை கூடின வைர மரம். அப்பா முதல் மிளகாய்க் காசில் செய்வித்தது. வீட்டுக்கும் கதவுக்கும் பொருத்தமே இல்லை. "கதவை வாங்கிப்போட்டு வீட்டைத் தேடுறான்" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிச் சிரிப்பார். "முதல்ல கதவு வரட்டும், வீடு பின்னால வரும்" என்பார் அப்பா.

செத்தலைச் சாக்கில் அடைவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. நன்றாகக் காய்ந்ததை அப்படியே அடைந்தால் நொறுங்கித் தூளாகும். அதனால் கடைசி நாள் விடியற்காலைப் பனி படும்படி விட்டு, கையில் பிடித்தால் வளைகிற பதம் வந்ததும் அடையவேண்டும். சாக்கைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டு, அரைவாசி நிரப்பி, என்னைத் தூக்கி உள்ளே இறக்கிவிடுவார்கள். என் வேலை மிதிப்பது. காலில் எண்ணெய் பூசிப் பழஞ்சேலைத் துணி சுற்றியிருக்கும். என்றாலும் சாக்கின் உள்ளே கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரியும். கழுத்து மட்டும் வெளியே தெரிய நான் தும்மிக்கொண்டே மிதிப்பேன். அக்கா எதிரே நின்று எண்ணுவா. "அம்பத்திரண்டு தும்மல். போன சாக்குக்கு நாப்பதுதான். இது நல்ல காரமான சாக்கு." உங்கள் வவுனியா மாமிதான் அந்த அக்கா. எனக்கு நாலு வயது மூப்பு. எதையும் எண்ணாமல் விடமாட்டா. கணக்கில் பள்ளிக்கூடத்தில் அவவை வெல்ல ஆளில்லை.

சில வீடுகளில் பனி மட்டும் இல்லை, வாளித் தண்ணீரும் தெளிப்பார்கள். நிறை கூடும். அப்பா அதைச் செய்யமாட்டார். ஒரு சொட்டு ஈரம் வைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாங்க வருகிறவனில் மட்டும் அவருக்கு எப்போதும் சந்தேகம். "யாவாரி வாய் திறந்தா விலை குறைக்கத்தான் திறப்பான்" என்று அடிக்கடி சொல்வார். நான் இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

எங்களிடம் வாங்க வருகிறவர் தண்ணீரூற்றுப் பக்கத்து நானா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சொந்தமாக ஒரு லொறி வைத்திருந்தார். கட்டையான மனிதர், வெள்ளைச் சாரம், சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு வெண்கட்டி. அந்த வெண்கட்டிதான் அவருடைய வியாபாரம். புதன்கிழமைகளில் சைக்கிளில் வருவார். சாக்கில் கைவிட்டு நாலு செத்தலை எடுத்து முகர்வார், ஒன்றைக் காதுக்குக் கிட்ட வைத்துக் குலுக்குவார், பிறகு கதவில் ஒரு றாத்தலின், கிட்டத்தட்ட அரைக் கிலோவின், விலையை எழுதிவிட்டுப் போய்விடுவார். பேரம் கிடையாது. சனிக்கிழமை பின்னேரம் லொறி வரும். கதவில் எழுத்து அப்படியே இருந்தால் வீட்டுக்காரனுக்குச் சம்மதம், சாக்குகளை ஏற்றலாம். அழிந்திருந்தால் சம்மதமில்லை, லொறி நிற்காது. இடையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் எழுதினது எழுதினதுதான். "முகத்தைப் பாத்துப் பேரம் பேசினா மனஸ்தாபம் வரும். கதவோட பேசினா வராது" என்பார். அந்த றோட்டில் எல்லா வீட்டுக் கதவுக்கும் இந்த வழக்கம் தெரியும்.

ஆனால் கதவோடு பேசியும் முந்தின வருசம் மனஸ்தாபம் வந்தது. தராசில் ஒரு சாக்கு அப்பா நினைத்ததைவிடக் குறைந்துவிட்டது. அப்பா எல்லாருக்கும் முன்னால், "உந்தப் படிக்கல்லு சரியோ நானா?" என்று கேட்டுவிட்டார். நானா பக்கத்து வீட்டிலிருந்து படிக்கல் எடுப்பித்து அதே சாக்கைத் திரும்ப நிறுத்தார். அதே நிறை. "சரிதானே தம்பி?" என்றார். அப்பா மற்றப் பக்கம் திரும்பி நின்றார். கேட்டதற்கு வருந்தினார் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது கோபம் என்றுதான் நினைத்தேன்.

நான் சொல்ல வந்த வருசம் நல்ல விளைச்சல். ஆறு சாக்கு. அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. தையில் விடுதியில் சேரவேண்டும். விடுதிக் காசு, புத்தகம், உடுப்பு எல்லாம் அந்த ஆறு சாக்கில்தான். அப்பா ஒரு றங்குப்பெட்டி வாங்கி நீல மை பூசி, மூடியில் அக்காவின் பெயரை எழுதுவித்து வைத்திருந்தார். அக்கா தினமும் அதைத் திறப்பா, வெறும் பெட்டியைப் பார்ப்பா, மூடுவா.

எனக்கும் ஒரு பெட்டி இருந்தது என்று வையுங்கள். என்னுடையது சைக்கிள். கிளிநொச்சியில் ஒரு திருத்துகிற கடையில் கூரையில் கொழுவித் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சை நிற அரைச் சைக்கிள், பழையது, நூற்றைம்பது ரூபா. என் வகுப்பில் எல்லாருக்கும் அதைப் பற்றித் தெரியும். "உன்ர சைக்கிள் இன்னும் தொங்குதடா, வவ்வால் மாதிரி" என்று பெடியன்கள் நக்கல் அடிப்பார்கள். ஒருநாள் நான் அழுததைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "செத்தல் இருபது ரூபா போகட்டும். உன்ர வவ்வாலை இறக்கித் தாறன்." மாரி பிறந்தால் விலை ஏறும், ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். அதனால் அவர் சாக்குகளை அறையில் அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் அரசாங்கம் மாறியிருந்தது. அதற்கும் எங்கள் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை அப்பா விதைப்புக்காக வயலில். அம்மாவும் அக்காவும் சங்கக்கடைக்கு, விடுதிக்கு வேண்டிய வெள்ளைத் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் நானும், கூலிக்கு வந்து செத்தல் தெரிகிற, தரம் பிரிக்கிற, இன்னொரு அக்காவும்தான். அவ மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவ. வெள்ளை விழுந்த செத்தலை வேறாக்கிக்கொண்டு பின்பக்கத்தில் இருந்தா.

நானா வந்து சைக்கிளைச் சாத்தினார். "மகன், வாப்பா எங்க?" எங்கள் அப்பாவையும் அவர் வாப்பா என்றுதான் சொல்வார்.

"வயலுக்க."

"உம்மா?"

"அக்காவோட சங்கக்கடைக்கு."

சாக்குகளை எண்ணிப் பார்த்தார். ஒரு செத்தலை எடுத்துக் குலுக்கினார். பிறகு வெண்கட்டியை எடுத்துக் கதவில் 18/= என்று எழுதினார். அந்த இரண்டு கோட்டையும் அவர் எப்போதும் நீட்டி இழுப்பார். கட்டை மனிதர் என்பதால் எழுத்து என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"மகன், வாப்பாட்ட மறக்காமச் சொல்லோணும். கொழும்பில ஒரு கதை அடிபடுது. கப்பல்ல செத்தல் வரப்போகுதாம். சனிக்கிழமை வரைக்கும்தான் என்னால இந்த விலை ஏலும். அங்கால எனக்கே தெரியாது. எனக்குத் தாறதெண்டா தரட்டும், இல்லாட்டி வேற ஆருக்காவது குடுக்கட்டும். வைச்சிருக்க வேணாம் எண்டு சொல்லு. ராத்தாட படிப்புக் காசல்லவா."

ராத்தா என்றது அக்காவை. நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

நான் கதவின் முன்னால் நின்று அந்தப் பதினெட்டைப் பார்த்தேன். இருபதுக்கு இரண்டு குறைவு. அப்பா பார்த்தால் ஓம் என்றாலும் என்பார். ஓம் என்றால் சைக்கிள் இல்லை. கப்பல் கதை எனக்குப் பயமாக இருக்கவில்லை. வியாபாரி வாய் திறந்தால் விலை குறைக்கத்தான் என்று எனக்குத் தெரியுமே. அழித்துவிட்டால் சனிக்கிழமை நிற்காமல் போவார், அடுத்த புதன் திரும்பி வருவார், இருபது எழுதுவார். இவ்வளவுதான் நான் யோசித்தது. உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தேன். அழியவில்லை, வெள்ளையாகப் பரவியது.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "என்னா தம்பி, கதவுல கிறுக்கிட்டியா?" செத்தல் தெரிகிற அக்கா சுளகோடு நின்றா. நான் வெள்ளைக் கையைப் பின்னால் மறைத்தேன். "அம்மா வந்தா வாங்கிக் கட்டிக்குவ. இந்தா, கையால தேச்சா போகுமா?" என்று தன் தோளில் கிடந்த துண்டை நனைத்துத் தந்தா. "நல்லா அழுத்தித் தொட. ம்... இப்ப சுத்தம். நான் சொல்ல மாட்டேன், போ." அவவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பின்பக்கத்தில் இருந்ததால் நானா வந்ததும் தெரியாது. எனக்கு உதவி செய்கிறதாகவே நினைத்தா.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா கிணற்றடியில் நின்றார். லொறி வந்தது. எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் மெதுவானது. நானா தலையை வெளியே நீட்டிக் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லொறி போய்விட்டது. அப்பா வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

பொழுதுபட பக்கத்து வீட்டு மாமா வந்தார். "பதினெட்டுக்குக் குடுத்தாச்சு. பாரம் குறைஞ்சுது. நீ என்ன, அழிச்சுப் போட்டியோ?"

"எனக்கு எழுதேல்ல" என்றார் அப்பா.

"எழுதேல்லயோ? இந்த றோட்டு முழுக்க எழுதின மனிசன் உனக்கு எழுதேல்லயோ?"

அப்பாவின் முகம் சுருங்கியது. அம்மா சொன்னா: "ஒருக்காச் சைக்கிள்ல போய்க் கேட்டா என்ன? என்ன குறைஞ்சு போடும்?"

"நான் ஏன் கேக்கவேணும்? போன வருசத் தராசை மனசில வைச்சுக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் எழுதி என்னை விட்டிட்டுப் போனா, நான் பின்னால ஓடி வருவன் எண்டு நினைக்கிறார். ஓடமாட்டன்."

"பிள்ளையின்ர படிப்பு..."

"மாரி பிறக்கட்டும். இருபத்திரண்டுக்கு விக்கிறன். பாத்துக்கொண்டிரு."

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். இருபத்திரண்டு என்று கேட்டதும், உங்களிடம் பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோசம் வந்தது.

மாரி பிறந்தது. புது அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, கப்பலும் வந்தது. மாமா பரந்தன் சந்திக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு விலை கொண்டுவந்தார். பதின்மூன்று. பத்து. ஒரு கிழமை கழித்து எட்டு. பிறகு அவர் எங்கள் படலைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தாமலே போகத் தொடங்கினார். சொல்லக் கூச்சம். வீட்டில் கூரை ஒழுகியது. சாக்குகளைக் குசினிக்குள் கொண்டுவந்து அடுப்புக்குக் கிட்ட அடுக்கினோம். சமைக்கிற சூட்டுக்கு அதன் நெடி எழும்பி வீடே இருமியது. அப்பா இரவிலும் பகலிலும் கைவிட்டுக் கைவிட்டு ஈரம் பார்த்தார். இரண்டு சாக்கு பூஞ்சணம் பிடித்துவிட்டது. வாய்க்கால் கரையில் கொட்டினார். மழையில் அந்தக் கும்பி கரைந்து புல்லெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. மிச்சம் நாலையும் பரந்தனில் யாரோ ஒருவருக்கு ஆறு ரூபாப்படி கொடுத்தார். மிளகாய்க்கு அடித்த மருந்தும் கூலியும் போக மிஞ்சினது நெல் விதைத்த கடனுக்குக்கூடக் காணாது.

அக்காதான் முதலில் வாய் திறந்தா. "அப்பா, எனக்கு விடுதியில இருக்க விருப்பமில்லை. அங்க கத்தரிக்காய்தானாம் ஒவ்வொரு நாளும்" என்றா. அவவுக்குக் கத்தரிக்காய் உயிர். அப்பா வெளியே போய்விட்டார். றங்குப்பெட்டியில் அம்மா அரிசி போட்டு வைத்தா. மூடியில் அக்காவின் பெயர் இருந்தது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைத் தூக்கித்தான் எடுக்கவேண்டும்.

வெள்ளைத் துணியை வீணாக்காமல் எனக்கு இரண்டு சேட்டு தைத்தார்கள். தைத்தது அக்கா. கழுத்துப்பட்டி கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று பிரித்து மறுபடி தைத்தா. அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு நான் இரண்டு வருசம் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் என் சேட்டுத்தான் வெள்ளை. வாத்தியார் மெச்சினார். அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனது. ஏன் படிக்கவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் வயலில் வேலை இருந்தது என்று சொல்வேனே, அதுவும் உண்மைதான். முழுவதும் இல்லை.

நானா அடுத்த போகத்துக்கும் வந்தார். விலை விழுந்தபோது அவருக்கும் நட்டம் என்று பிறகு தெரிந்தது. அன்று எங்கள் முற்றத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அப்பா இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

"வாங்கோ நானா. இந்த முறை எங்கட கதவு கண்ணுக்குத் தெரியுதோ?"

நானாவுக்கு விளங்கவில்லை. "என்ன தம்பி கதை இது?"

"போன முறை ஊருக்கெல்லாம் எழுதினீங்கள். என்னை விட்டிட்டீங்கள். கப்பல் வாற கதை உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். படிக்கல்லு சரியோ எண்டு நான் கேட்டது பிழை. அதுக்கு என்ர பிள்ளையின்ர படிப்பையோ எடுக்கிறது?"

நானா வாயைத் திறந்தார். கதவைப் பார்த்தார். நான் அவருக்குக் குடிக்கச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்போதுதான் பக்கத்தில் நின்றேன். அவருடைய கண் கதவிலிருந்து என்னிடம் வந்தது. செத்தல் தெரிகிற அக்காவின் கையும் சுளகில் நின்றுவிட்டது. அவவும் என்னைப் பார்த்தா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு முந்தினதைவிட வேகமாகத் தெரியத் தொடங்கினா.

எல்லாருக்கும் முன்னால் நான் அடிவாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். நானா தொண்டையைச் செருமினார்.

"மறதி தம்பி. வயசு போகுதல்லவா. என்ர பிழைதான். மாப்புச் செய்யுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என் கையிலிருந்து செம்பை வாங்கி முழுவதையும் குடித்தார். திருப்பித் தரும்போது, "நல்லாப் படிக்கோணும் மகன், என்ன?" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அப்பா அவருக்கு ஒரு செத்தல்கூட விற்கவில்லை. அப்பா மட்டுமில்லை, கதை பரவி வேறு சில வீடுகளும் நிறுத்திக்கொண்டன. மறந்துவிட்டேன் என்று அவரே சொன்னதை யாரும் நம்பவில்லை, வேண்டுமென்றே செய்தார் என்றார்கள். ஆனாலும் ஒவ்வொரு புதனும் நானா எங்கள் படலைக்குள் வந்து கதவில் விலை எழுதிவிட்டுத்தான் போவார். அப்பா தன் கையால் அழிப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வருசங்கள் போயின. தண்ணீரூற்றிலிருந்து முஸ்லிம் சனம் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்த நாளில் எனக்கு இருபத்துமூன்று வயது. அவர்களைத் துரத்திய இயக்கக்காரரும் எங்கள் மொழி பேசுகிறவர்கள்தான். அன்று அப்பா சாப்பிடவில்லை. "தராசு சரியான மனிசன்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கு எழுதாமல் விட்டதுதான் ஒரு குறை" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு யுத்தம் முற்றி எங்களுக்கும் ஓட்டம் வந்தது. முதிரைக் கதவைக் கழற்றி, ஷெல்லுக்குப் பதுங்குகிற பங்கருக்கு மேலே போட்டு மண் மூடினோம். அது அங்கேயே போயிற்று. அப்பா முகாமில் இருந்தபோது போய்ச் சேர்ந்தார், அந்தக் குறையோடே.

இதை எழுதத் தொடங்கியபோது இவ்வளவில் நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதியதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை வோட்டர் பம்புக்குச் சாமான் வாங்க முல்லைத்தீவுக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேனே, நான் இறங்கினது தண்ணீரூற்றில். விசாரித்துக்கொண்டு போனால், திரும்பி வந்த குடும்பங்களில் நானாவின் மகன் ஒருவர் சிறிய கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நானா புத்தளத்தில் காலமாகிப் பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது.

நான் எங்கள் இடத்தைச் சொன்னேன். "முதிரைக் கதவு வீடா?" என்று உடனே கேட்டார். "வாப்பா சொல்லுவார். அந்த றோட்டில ஈரம் வைக்காத செத்தல் எண்டா அந்த ஒரு வீடுதானாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லயோ?"

"வேற என்ன? ஏன் கேக்கிறீங்க?"

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கு ஆள் வந்தது, போனது. அவர் கேட்டுக்கொண்டே சாமான் நிறுத்துக் கொடுத்தார். முடிந்ததும் ஒரு தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் வைத்தார். "வாப்பா பொய் சொன்னதை நான் ஒருக்காலும் கேட்டதில்ல. இப்பதான் முதல் தரம் கேக்கிறன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிரிக்கவும் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது வவுனியா மாமிக்குப் போன் எடுத்தேன். சத்தத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. கதவு, வெண்கட்டி, பதினெட்டு, சைக்கிள் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். மற்றப் பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இருக்கிறன்" என்றா. பிறகு கேட்டா: "அந்தச் சைக்கிள் என்ன நிறமடா?"

"பச்சை."

"நீ அதை ஒரு நாளும் ஓடவும் இல்லையே."

"இல்லை அக்கா."

"அப்பா பாவம்" என்றா. "நானா பாவம். நீயும் பத்து வயசுப் பெடியன்தானே." தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு, வைக்கப்போகும்போது, "ஆறு சாக்கு, சாக்குக்கு அம்பது றாத்தலெண்டா முன்னூறு. பதினெட்டால பெருக்கினா ஐயாயிரத்து நானூறு. நான் அப்பவே பெருக்கி வைச்சிருந்தனான்" என்றா. போனை வைத்துவிட்டா.

பிள்ளைகளே, இதை வாசித்த பிறகு மாமியிடம் போய் ஒன்றும் கேட்கவேண்டாம். அவவாகச் சொன்னால் கேளுங்கள்.

பரந்தனில் இறங்கி, சந்திக் கடையில் ஒரு பெட்டி வெண்கட்டி வாங்கினேன். ஒரு துண்டு மட்டும் தரமாட்டார்களாம். புதன்கிழமை நீங்கள் எல்லாரும் வெளியே போனபிறகு, அம்மாவும் கோயிலுக்குப் போன நேரம், முன்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். வீட்டுத்திட்டத்தில் தந்த இந்தக் கதவு மெல்லிய பலகை, மை பூசியது, வெண்கட்டி நன்றாகப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்தி 18/= என்று எழுதினேன். கடைசி இரண்டு கோட்டையும் நீட்டி இழுத்தேன். குசினியிலிருந்து கதிரையை எடுத்துவந்து அதன்மேல் ஏறி நின்றுதான் எழுதினேன், ஒரு பத்து வயதுப் பெடியனுக்கு எட்டாத உயரத்தில்.